செப்புத் தகட்டில் வளர்ந்த பிள்ளை

மேல்காற்று ஓய்ந்து கடல் குளம்போலக் கிடந்த ஒரு புரட்டாசி மாதத்தில், பரங்கிக் கப்பலிலிருந்து எங்கள் கண்டல்துறைக் கரைக்கு படம் அச்சிடுகிற, இரண்டு உருளை பூட்டிய மர அச்சு ஒன்றும், காகிதம் நிறைந்த பெட்டிகள் பதினொன்றும், மெழுகுத் துணியில் சுற்றிய செப்புத் தகடு ஒன்றும் வந்து இறங்கின. அவற்றோடு இறங்கியிருக்க வேண்டிய மனிதர், அந்த அச்சை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள், பிளாண்டர்ஸ் தேசத்து மடத்துச் சகோதரர், கொச்சியைத் தாண்டியதும் காய்ச்சல் கண்டு இறந்து, பாய்த்துணியில் வைத்துத் தைக்கப்பட்டுக் கடலுக்குள் போய்விட்டிருந்தார்.

பாதிரியார் துவார்த்தே சாமி எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர், தமிழிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்புச் சொல்பவர், கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவர். அவர் தகட்டைக் கோவில் ஜன்னலோரம் வைத்துப் பிரித்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, மயிரிழைபோல வெட்டிய ஆயிரம் கோடுகளுக்குள்ளிருந்து ஒரு தாய் எழுந்து வந்தாள். கல்படியில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் மேலாடை படிகளில் வழிகிறது, மடியில் பிறந்த பிள்ளை கண்மூடித் தூங்குகிறது, பின்னால் ஒரு வாசல், வாசலுக்கு அப்பால் குன்றுக்கு ஏறும் பாதை. ஆண்ட்வெர்ப் என்கிற பட்டணத்தில் இப்படித் தகடு வெட்டுகிறவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள் என்றும், ஒரு தகட்டிலிருந்து ஆயிரம் படம் எடுத்துக் கப்பலேற்றினால் பனி பெய்கிற நாட்டுச் சுவரிலும் வெயில் கொளுத்துகிற நாட்டுச் சுவரிலும் அதே மாதா அதே பிள்ளையோடு உட்காருவாள் என்றும், தரையில் படுக்கிற ஏழைக்கும் தலைமாட்டில் ஒரு மாதா கிடைப்பாள் என்றும் சாமி சொன்னார். கண்டல்துறையில் அப்போது நானூறு வீடுகள், குருத்தோலைச் சிலுவையைத் தவிர எந்த வீட்டுச் சுவரிலும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஒரு படம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமி வாக்குக் கொடுத்துவிட்டார். அச்சை ஓட்ட ஆள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

அச்சுக்கு அருகே போய் நின்று உருளையைத் தட்டிப் பார்த்தவர் எஸ்தாக்கி கொரைரா. கப்பலுக்குப் போகும் பஞ்சுப் பொதிகளை அழுத்திக் கட்டுவது அவர் வேலை. எதை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு அமுங்கும் என்று அவர் தோளுக்குத் தெரியும். பெட்டிக்குள் செத்துப்போன சகோதரர் எழுதிவைத்திருந்த குறிப்பைச் சாமி வாசித்துச் சொல்லச் சொல்ல, எஸ்தாக்கி ஒரு வாரம் கையைக் காலைக் கருப்பாக்கிக்கொண்டார், ஒன்பது தாள் பாழாயிற்று. மை கோட்டுக்குள் மட்டும் நிற்க வேண்டும், மேல்பரப்பில் ஒரு பொட்டு இருக்கக் கூடாது, அப்படித் துடைப்பதற்கு அவருடைய கை பெரிதாகவும் முரட்டுத்தனமாகவும் இருந்தது. பத்தாம் தாளுக்கு அவர் மனைவி தெக்லா வந்து உட்கார்ந்து, முதலில் துணியாலும் பிறகு வெறும் உள்ளங்கையாலும், குளிப்பாட்டிய குழந்தைக்கு ஈரம் ஒற்றுவதுபோலத் தகட்டைத் துடைத்துக் கொடுத்தாள். எஸ்தாக்கி ஈரத்தாளை விரித்து, கம்பளியைப் போர்த்தி, சக்கரத்தைச் சுற்றினார். தாளின் ஒரு மூலையைப் பிடித்துத் தெக்லா உரித்தெடுத்தபோது மாதா தாளுக்கு வந்திருந்தாள். தெக்லாவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை.

முதல் படம் ஊர்த்தலைவரான பட்டங்கட்டி கயத்தான் வாஸ் வீட்டுக்குப் போயிற்று. மற்ற வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தகடு களைக்காமல் இருக்க நாளுக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை, வெள்ளியும் ஞாயிறும் அச்சு ஓய்ந்திருக்கும். இரண்டாம் ஞாயிறு, படம் வாங்கிய ஒன்பது வீட்டாரும் சாமி கையால் மந்திரித்து வாங்கக் கொண்டுவந்து கோவிலில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஒன்பது பிள்ளையும் ஒன்பது அளவில் இருந்தார்கள். முதல் பிள்ளை தூங்கிற்று. இரண்டாவது கண்ணைத் திறந்திருந்தது. நான்காவது சிரித்தது, ஆறாவதுக்குத் தலை நின்றிருந்தது, ஒன்பதாவது தாயின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்திழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். நான் தகட்டில் ஒரு கீறலும் போடவில்லை என்று எஸ்தாக்கி சத்தியம் செய்தார். கடைசியில் ஊருக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி சவரியாளைக் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

“மாசத்துக்கு ஒண்ணு, சாமி. பட்டங்கட்டி வீட்டுப் படம் பெறந்த மாசம். இது ஒன்பதாம் மாசம், அடுத்ததுல பல்லு தெரியும்.”

“இதற்கு என்ன அர்த்தம், சவரியாள்?”

“பிள்ளை வளருது, சாமி. வேற என்ன,” என்று சொல்லிவிட்டு, ஒரு பேறுகாலம் பாதியில் நிற்கிறது என்று அவள் போய்விட்டாள்.

அடுத்த படத்தில் பல் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அர்த்தம் கேட்கவில்லை, பிள்ளை வளர்கிற ஊரில் செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. பல் முளைத்த படத்தின் வீட்டுக்காரர்கள் பயறு அவித்துத் தெருவுக்குக் கொடுத்தார்கள். அடி எடுத்துவைத்த படம் வந்த வீட்டில் வாசலுக்குக் குறுக்கே பலகை போட்டார்கள், பிள்ளை கடல்பக்கம் போய்விடக் கூடாது என்று. ஒரு படத்தில் அதற்குச் சளி பிடித்து மூக்கு சிவந்திருந்ததுபோலத் தெரிய, ஏழு வீட்டுப் பெண்கள் ஓமம் கொண்டுபோய்ப் புகை போட்டார்கள், அடுத்த நாள் படத்தில் தெளிந்துவிட்டது. கொரைரா வீடு, மச்சாது வீடு என்கிற பேரெல்லாம் போய், பல் முளைத்த வீடு, தவழும் வீடு, மழலை வீடு என்று ஆயிற்று. பெண் கேட்டு வருகிறவர்கள் மாப்பிள்ளைக்குத் தோணி உண்டா என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் எந்த வயசுப் படம் என்று கேட்டார்கள். மேலூர்த் தட்டார் ஒருவர் வேறு வேலையாக வந்தவர், தவழும் படத்தைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுப் பிள்ளைல்லா இது,” என்று சொல்லி மறுநாள் வெண்ணெய் கொண்டுவந்து வைத்துப்போனார், சாமி அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார். ஊருக்கே முதல் படம் வாங்கிய பட்டங்கட்டியின் மனைவி மதலேனாளுக்குத்தான் குறை. அவள் வீட்டுப் பிள்ளை என்றைக்கும் தூங்கிக்கொண்டே இருந்தது. அவள் வேலைக்காரிகளைச் சத்தமாகப் பேசச் சொல்லிப் பார்த்தாள், பாத்திரத்தைக் கீழே போடச் சொல்லிப் பார்த்தாள், பிறகு வெட்கத்தை விட்டு, சிரிக்கிற படத்துக்காரியான வலை முடிகிற பெண்ணிடம் மாற்றிக்கொள்ளக் கேட்டாள். அந்தப் பெண் மாட்டேன் என்றாள். பட்டங்கட்டி வீட்டுக்கு மாட்டேன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாமி இதையெல்லாம் எழுதி மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வந்து சேரும்போது பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. தகட்டில் விரிசல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதியிருந்தது.

ஊரார் நானூறு வீட்டில் நானூறு பிள்ளையைப் பார்த்தார்கள். தெக்லா ஒரே பிள்ளையைப் பார்த்தாள். அவள்தான் தினமும் காலையில் அவனை முதலில் காண்கிறவள், தாளை உரிக்கும்போது முந்தின நாளைவிட எது மாறியிருக்கிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு தேடுகிறவள். நெற்றியில் புரளும் முடி, முழங்காலில் விழுந்த காயம், காயம் ஆறின வடு, முன்பல் விழுந்த இடைவெளி. “இன்னைக்கு ஏன் மொகத்தைத் தூக்கி வச்சிருக்க?” என்று தகட்டிடம் கேட்பாள். எட்டு வயசில் அவன் ஒரேயடியாக மடியிலிருந்து இறங்கித் தாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டான், அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. எஸ்தாக்கி, “வளர்ற பிள்ளை மடியில கெடக்குமா?” என்றார். “கெடக்க வேண்டாம். சொல்லிட்டு எறங்கியிருக்கலாம்,” என்றாள். அவனுக்கு மீசை அரும்பின படம் வந்ததிலிருந்து அவள் அவன் இருக்கிற இடத்தை உள்ளங்கையால் துடைப்பதை விட்டுவிட்டாள், அந்த இடத்துக்கு மட்டும் துணியைச் சுற்றிய விரல். வளர்ந்த பிள்ளையைத் தாய் தொடுகிற விதம் அப்படித்தான்.

இதில் சுண்ணாம்புக் காளவாய்த் தெருவில் இருந்த பிரசீதாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையில் ஒதுங்கும் சிப்பி ஓடுகளைப் பொறுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்கிறவள், தனிக்கட்டை. சீட்டில் அவள் பேர் இருபத்திரண்டாவதாக வந்திருந்தது. தன் முறை வந்த அன்று, “பக்கத்து வீட்டுக்காரி சூலியா இருக்கா, அவளுக்குக் குடுங்க, நான் பின்னால வாங்கிக்கிடுதேன்,” என்றாள். அடுத்த முறையும் யாரோ ஒருவரைக் காட்டினாள். இப்படி ஒவ்வொரு தடவையும் ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஆசை அற்றுவிட்டது என்று சிலரும், நல்ல மனசு என்று பலரும் சொன்னார்கள். விட்டுக்கொடுக்கிறவர்களை ஊர் ஏன் என்று கேட்பதில்லை, நன்றி சொல்வதோடு சரி.

பிள்ளைக்கு முப்பது வயசானபோது அவன் தாயின் பக்கத்திலிருந்து நகர்ந்து, பின்னால் தெரிகிற வாசலைத் தாண்டிப் பாதையில் நின்றான். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பாதையில் இன்னும் கொஞ்சம் மேலே. விரல் உயரம் ஆனான், விரல்நகம் அளவு ஆனான். சில படத்தில் அவனைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. தாய் கழுத்தைத் திருப்பி அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை செய்கிற ஊருக்குக் கணக்குத் தெரியாமல் இருக்குமா? மீன் ஆய்கிற பெண்கள் விரல் மடக்கி எண்ணினார்கள். சிலுவையில் சாகிற முப்பத்து மூன்று வயசுக்கு இன்னும் மூன்று படம். படம் வாங்காத வீடுகள் ஏழு.

பட்டங்கட்டி கோவில் முற்றத்தில் ஊரைக் கூட்டினார். “இத்தோட நிப்பாட்டிருவோம், சாமி. பாத்துக்கிட்டிருந்து சாகக் குடுக்க முடியாது.”

படம் வாங்காதவர்களில் அலோய்சு என்கிற உப்பு சுமக்கிறவர் எழுந்தார். “நானூறு வீட்டுல ஏழு வீட்டுச் சொவரு மட்டும் வெறுமையா இருக்கணுமா? எங்களுக்குச் செத்த படந்தான் விதிச்சிருக்குன்னா அதையே தாங்க. வாங்கிக்கிடுதோம்.”

சாமி தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார். “அவர் சாவோடு முடிகிற கதையா இது? அதற்கு அடுத்த படம் ஒன்று இருக்கிறது. உயிர்த்த படம். அதுவரைக்கும் பொறுத்தால் போதும். நடுவில் நிறுத்தினால்தான் கெட்டது.”

பெண்கள் பக்கத்திலிருந்து தெக்லா எழுந்தாள். கூட்டத்தில் அவள் அதுவரை பேசினதில்லை.

“அடுத்த படத்துல உயிர்ப்பாரு, சாமி. அது அடுத்த வீட்டுக்குல்லா போவும். செத்த படம் வாங்கின வீட்டுச் சொவத்துல அவரு என்னைக்கும் செத்துத்தானே கெடப்பாரு?”

சாமி கொஞ்சம் கோபமாக, ஊருக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான், அச்சு ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். எஸ்தாக்கி தலையாட்டினார். ஆண்டவர் சொன்னதற்கும் சாமி சொன்னதற்கும் பட்டங்கட்டி சொன்னதற்கும் தலையாட்டிப் பழகினவர் அவர், மூன்றும் வேறுவேறாக இருக்கும்போது கடைசியாகச் சொன்னவருக்கு ஆட்டுவார்.

மறுநாள் காலையில் எடுத்த படத்தில் குன்றின் உச்சியில் ஒரு மரம் நட்டிருந்தது. வெறும் மரம், கிளையில்லாதது. பிள்ளை அதற்குக் கொஞ்சம் கீழே, பாதை முடிகிற இடத்தில் நின்றான், இந்தத் தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு. எஸ்தாக்கி படத்தைக் கொண்டுபோய் அலோய்சு வீட்டில் கொடுக்கப் போனார், அங்கிருந்து கோவிலுக்கும் போகவேண்டியிருந்தது. தெக்லா தனியாக இருந்தாள். உச்சி வெயில், தெருவில் ஆள் இல்லை, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

செத்துப்போன சகோதரரின் பெட்டிக்குள் தவறாக வெட்டிய கோட்டை அழிப்பதற்கென்று ஒரு எஃகுக் கருவி இருந்தது, மீன் நாக்குபோல வழவழப்பானது. எண்ணெய் விட்டுத் தேய்த்தால் செம்பு நெகிழ்ந்து கோடு மூடிக்கொள்ளும். அது எப்படி என்று குறிப்பிலும் எழுதியிருந்தது, சாமி அதையும் வாசித்துச் சொல்லியிருந்தார், அன்று அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தெக்லா தகட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவனோ விரல்நகம் அளவுதான். பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே முதலில் காலைத் தேய்த்தாள், அந்தக் குன்றில் ஏறிவிடக் கூடாது என்று, பிறகு உடம்பை, கைகளை, கடைசியாகத் திரும்பிப் பார்க்கிற முகத்தை. சோறு வேகிற நேரம் ஆயிற்று. செம்பு அந்த இடத்தில் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளத்தது. காப்பாற்றியாகிவிட்டது என்று அவள் நினைத்தாள், பதினாறு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவள் எதையும் நினைத்ததில்லை. உலையை இறக்கி வடித்தாள்.

கஞ்சி ஆறுவதற்குள் தெருவில் நடமாட்டம் கேட்டது.

முதலில் தவழும் வீட்டுக்காரி வந்தாள், படத்தைச் சட்டத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு. பிறகு பல் முளைத்த வீடு, மழலை வீடு, பலகை போட்ட வீடு. சந்துகளிலிருந்தும் கரைப்பக்கத்திலிருந்தும் படத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள், கோவில் முற்றம் நிறைந்து தெரு நிறைந்தது. யாரும் சத்தம் போடவில்லை. எல்லாப் படத்திலும் மாதா இருந்தாள், எந்தப் படத்திலும் பிள்ளை இல்லை. பிறந்த பிள்ளையும் இல்லை, சிரித்ததும் இல்லை, மீசை அரும்பினவனும் இல்லை. மடி வெறும் மடியாக இருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். முன்னால் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாரெல்லாம் இப்போது தலையை நிமிர்த்தி, ஒருத்தி படிக்கு அடியில், ஒருத்தி வாசல் மறைவில், ஒருத்தி படத்துக்கு வெளியே பார்க்கிறவர்கள் பக்கம், எங்கே போனான் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

மதலேனாள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். “தூங்கிக்கிட்டாவது இருந்திச்சு.”

தெக்லா கூட்டத்துக்கு நடுவே வந்து, நான்தான் செய்தேன் என்று சொல்லி, எப்படிச் செய்தேன் என்றும் சொன்னாள். அவளை யாரும் ஏசவில்லை. ஆண்கள் கொஞ்சநேரம் ஒரு கேள்வியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர் இருக்கிறாரா, இல்லையா? சாகவில்லை என்பது சரி. அப்படியானால் எங்கே? கடலுக்குப் போகிற ஊரில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பாடம் தேவையில்லை. உடல் கரைக்கு வந்த வீட்டில் அழுவார்கள், அடக்கம் செய்வார்கள், வருஷத்துக்கு ஒருநாள் பூசை வைப்பார்கள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சிரிக்கவும் செய்வார்கள். உடல் வராத வீட்டில் தாலியைக் கழற்றவும் மாட்டார்கள், போட்டுக்கொண்டு நிமிரவும் மாட்டார்கள், கதவு அசையும்போதெல்லாம் ஒரு தலை திரும்பும். அன்று ஒரே மத்தியானத்தில் கண்டல்துறை முழுக்க உடல் வராத வீடாகிவிட்டது. அதனால் உடல் வராத வீட்டுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். நாற்பத்தொரு நாள் சாயங்காலம் கடலைப் பார்த்து வாசலில் விளக்கு வைத்தார்கள். படங்களைத் திரும்பக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினார்கள், பிள்ளை இல்லை என்பதற்காகத் தாயை வீட்டைவிட்டு அனுப்ப முடியாது. சாமி அந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிற்றுப் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

தெக்லாவிடம் ஊர் முன்னைவிட அன்பாக நடந்துகொண்டது, அவளுக்கு அது தாங்கமுடியாததாக இருந்தது. மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைக்காகத்தானே செய்தாய் என்றார்கள். அவள் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள், அந்தப் பளபளப்பில் தன் கண் மட்டும் தெரியும். அவன் சாவதைப் பார்க்கப் பயந்து, சிரித்ததையும் நடந்ததையும் பல் முளைத்ததையும் அவள் எல்லாரிடமிருந்தும் பிடுங்கிவிட்டாள். உயிர்ப்பதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். தபசுகாலம் முழுக்க ஆயிரம் தடவை மண்டியிட்டிருந்தும், அடுத்த படம் என்று சாமி சொன்னதை அவளால் ஒரே ஒரு நாள் நம்பியிருக்க முடியவில்லை.

நாற்பத்தொரு விளக்கும் முடிந்த மறுநாள் காலையில் பிரசீதாள் வந்து வாசலில் நின்றாள். முழங்கை வரை சுண்ணாம்பு வெளுத்திருந்தது.

“அக்கா, எனக்குப் படம் வரலை.”

தெக்லா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். “உனக்குத் தெரியாதா, பிரசீதா? ஒண்ணுமில்ல அதுல.”

“தெரியும். ஊரோட நானுந்தான் வெளக்கு வச்சேன்.” பிரசீதாள் அச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நான் கடைசிப் படத்துக்காவத்தான் இருந்தேன், அக்கா. வந்த மொறையையெல்லாம் அதுக்காவத்தான் தள்ளித் தள்ளி விட்டேன். வளர்ற பிள்ளையை நான் பாத்திருக்கேன், எனக்கும் ஒருத்தன் வளந்தான். சிலுவையிலருந்து எறக்குனதும் மாதா மடியில போடுவாங்கல்லா, அந்தப் படம் வரும்னு இருந்தேன்.”

“அதை வாங்கி என்ன செய்யப் போற?”

“மாதா எப்படிப் பிடிச்சிருக்கான்னு பாக்கணும்.” முழங்கைச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே, “முத்துக்குளிக்கப் போனவன். கயிறு மட்டும் மேல வந்துச்சு. நாலு வருசமாவுது. எனக்குப் பிடிக்கக் கெடைக்கலை, பிடிச்ச ஒருத்தியையாவது சொவத்துல பாத்துக்கிட்டிருக்கலாம்னு நெனச்சேன்.”

நான்கு வருஷத்துக்கு முன்னால் காளவாய்த் தெருவில் ஒரு பையன் கடலோடு போனான் என்று கேள்விப்பட்டது அவளுக்கு நினைவு வந்தது, அன்றைக்குத் தன் வீட்டில் என்ன சமைத்தாள் என்பதுகூட நினைவு வந்தது, அந்தப் பையனின் பேர் மட்டும் தெரியவில்லை. ஏனென்றால் கேட்டதில்லை.

அவள் எழுந்து மையைச் சூடாக்கினாள். சங்கு அறுக்கிறவரிடமிருந்து எப்போதோ வாங்கிவைத்திருந்த ஊசியை எடுத்து, தகட்டில் தாயின் மடிமேல் வைத்து, சாய்ந்த தலையொன்று, தொங்குகிற கையொன்று என்று கீறிப் பார்த்தாள். அந்தப் பிளாண்டர்ஸ் கை எத்தனை வருஷம் பழகி வெட்டின கோடுகள் அவை, இவளுடைய ஊசி செம்பில் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. துடைத்து, தாளை விரித்து, கம்பளி போர்த்தி, எஸ்தாக்கி இல்லாமல் தானே சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிச் சுற்றினாள். உரித்தபோது மாதாவின் மடியில் நண்டு நடந்த மணல்போல நாலு கீறல் இருந்தது. அவ்வளவுதான். தாய் அதைக் கவனிக்காமல் பக்கவாட்டில் தேடிக்கொண்டிருந்தாள்.

பிரசீதாள் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“மன்னிச்சிரு,” என்றாள் தெக்லா.

பிரசீதாளுடையது மன்னிக்கிற முகமாகவும் இல்லை, மன்னிக்காத முகமாகவும் இல்லை. தாளை ஈரம் காய ஓரமாக வைத்தாள்.

“உன் மகன் பேரு என்ன, பிரசீதா?”

“தொம்மை.”

“எப்படி இருப்பான்?”

இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லாதவள்போல பிரசீதாள் கொஞ்சம் தடுமாறினாள், பிறகு சொல்லத் தொடங்கினாள். உப்புத்தண்ணியில் செம்பட்டை ஏறின முடி. தூண்டில் முள் கிழித்த இடது காது. மூச்சுப் பிடித்துப் பிடித்து நெஞ்சு இத்தனை அகலம். சாப்பாட்டில் மண் இருந்தாலும் சொல்லமாட்டான், அப்படியே தின்றுவிட்டுப் போவான். சொல்லச் சொல்ல அவள் கைகள் தாமாக எழுந்து, ஒரு கை தலையைத் தாங்குகிற மாதிரி முழங்கை மடிந்து, ஒரு கை இடுப்புக்கு அடியில் போகிற மாதிரி நீண்டு, மடிக்கு மேலே நின்றன.

“தல இந்தப் பக்கம் வரும். ஆனா அவன் ஒசரம், அக்கா, அவுக அப்பாவை மாதிரி. என் ஒரு மடி பத்தாது. காலு கீழ தொங்கும்.”

தெக்லா தரையில் நகர்ந்து அவளுக்கு எதிரே வந்து, மை காயாத இரண்டு கைகளையும் கால்மாட்டுப் பக்கம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் கீழ,” என்றாள் பிரசீதாள். தெக்லா தாழ்த்தினாள். “பாரமா இருப்பான்.”

“இருக்கட்டும்,” என்றாள் தெக்லா.